கத்தினால் மட்டும் கேட்டுவிடுமா?

வைஃபை, அலைபேசி, ரேடியோ பற்றிய வாசகர் கேள்விகளுக்கான பக்கம் இது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு விதத்தில் 'பவரைக் கூட்டினால் சரியாகிவிடுமா' என்றே கேட்கின்றன. அதனால் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பழைய ரேடியோ வாங்கலாமா என்று கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பதினான்காவது மாடியில் குடியிருக்கிறேன். மாலையில் ஆறு பிள்ளைகளுக்கு வீடியோ காலில் தமிழ் டியூஷன் எடுக்கிறேன். என் அறையில் வைஃபை கோடு முழுசாகக் காட்டுகிறது, யூடியூப் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது, ஆனால் நான் பேசுவது மட்டும் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டுக் கேட்கிறதாம். மகன் ரவுட்டரில் டிரான்ஸ்மிட் பவரை 'ஹை' என்று மாற்றிப் பார்த்தான். ஒன்றும் மாறவில்லை. ரவுட்டரை மாற்றவா?
– ஓர் ஆசிரியை, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: ரவுட்டருக்குக் காசு செலவழிக்காதீர்கள் டீச்சர், இப்போதைக்கு. நீங்கள் பார்க்கும் அந்தக் கோடு, ரவுட்டரின் குரல் உங்கள் போனுக்கு எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. உங்கள் போனின் குரல் ரவுட்டருக்கு எப்படிக் கேட்கிறது என்று எந்தக் கோடும் சொல்லாது. ரவுட்டர் சுவரில் செருகிய மின்சாரத்தில் ஓடுவது, தாராளமாகக் கத்தும். போனோ சின்ன பேட்டரியில், உங்கள் காதோரம் இருந்துகொண்டு சில பத்து மில்லிவாட்டில் பேசுகிறது. அறைக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரு கான்கிரீட் சுவர் இருந்தால் இரண்டு குரலும் ஒரே அளவுதான் தேயும், ஆனால் பலமான குரல் தேய்ந்தாலும் மிச்சம் இருக்கும், மெல்லிய குரல் தேய்ந்தால் ஒன்றும் இருக்காது. யூடியூப் பார்க்கும்போது கிட்டத்தட்ட எல்லாத் தரவும் உங்களை நோக்கி வருகிறது, அதோடு சில விநாடிகளுக்கு முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறது. பாடம் எடுக்கும்போது உங்கள் முகமும் குரலும் அந்தந்த நொடியே வெளியே போயாக வேண்டும்.

மகன் செய்தது ரவுட்டரை இன்னும் சத்தமாகப் பேச வைத்தது. அதற்குக் காது கூர்மையாகிவிடவில்லை. சில நேரம் இது நிலைமையைக் கெடுக்கவும் செய்யும். ரவுட்டர் அனுப்பும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும் போன் 'கிடைத்தது' என்று பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதில் எட்டாவிட்டால் ரவுட்டர் அதையே மறுபடி மறுபடி அனுப்பிக் காற்றை நிரப்பும். வீட்டில் இரண்டு ரவுட்டர் இருந்தால் இன்னொரு சிக்கல்: தூரத்தில் இருப்பதன் சத்தத்தை நம்பி அதையே பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பதைப் போன் திரும்பிக்கூடப் பார்க்காது.

பவரை நடுத்தரத்துக்கு இறக்குங்கள். ரவுட்டரை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து, பாடம் எடுக்கும் அறை வாசலுக்கு நேராக, கொஞ்சம் உயரத்தில் வையுங்கள். மேசை ரவுட்டருக்குப் பக்கத்திலேயே என்றால் 5 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள், சுவர் தவிர்க்க முடியாது என்றால் 2.4. அந்த 2.4இல் 1, 6, 11 என்ற மூன்று சேனல்கள்தான் ஒன்றோடொன்று மோதாதவை. பதினான்காவது மாடியில் மேலும் கீழும் எத்தனை வீட்டு ரவுட்டர்கள் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டு, மாலை ஏழு மணிக்கு, அதாவது எல்லோரும் வீடு திரும்பிய பிறகு, சோதியுங்கள். காலை பத்து மணிக்குச் சோதித்தால் எல்லாச் சேனலும் நன்றாகத்தான் தெரியும்.

இவ்வளவும் செய்து சரியாகவில்லை என்றால் லேப்டாப்பில் ஒரு கேபிள் செருகிவிடுங்கள். அதற்கு ஈடு எதுவும் இல்லை.

கேள்வி: டெசிபெல், டிபிஎம் என்று எழுதுகிறீர்கள், தலை சுற்றுகிறது.
– வாசகர், கெப்போங்

பதில்: இரண்டே இரண்டு கணக்கு போதும். 3 டெசிபெல் கூடினால் இரண்டு மடங்கு, 10 கூடினால் பத்து மடங்கு. டிபிஎம் என்றால் 1 மில்லிவாட்டைச் சுழியமாக வைத்து அளப்பது. 10 டிபிஎம் 10 மில்லிவாட், 20 டிபிஎம் 100, 23 டிபிஎம் 200. மைனஸில் போனால் மிக மிகச் சின்ன அளவு. கீழே வரும் பதில்களுக்கு இது போதும்.

கேள்வி: இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. உரிமம் தேவைப்படாத அலைக்கற்றையில் 5ஜி ஓடும் முறையைப் பற்றிப் படிக்கிறேன். போன் முதன்முதலில் கோபுரத்தை அழைக்கும்போது பதில் வராவிட்டால் ஒவ்வொரு முறையும் பவரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் என்று தெரியும். ஆனால் இந்த அலைக்கற்றையில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் போன் அனுப்பவே கூடாது. அப்படி அனுப்ப முடியாமல் போன முறையும் ஒரு தோல்வியா, அதற்கும் பவர் ஏறுமா? லெக்சரரிடம் கேட்டேன், ஸ்டாண்டர்டைப் பார் என்றார்.
– மாணவர், நிபோங் திபால், பினாங்கு

பதில்: தம்பி, இந்த மாதம் வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், அதனால் பதில் நீளும், மற்றவர்கள் மன்னிக்கவும். ஏறாது என்பதுதான் பதில். ஏன் ஏறக்கூடாது என்பதில்தான் சுவை இருக்கிறது.

மற்ற வாசகர்களுக்காக முதலிலிருந்தே வருகிறேன். புதிதாக வந்து சேரும் போன் எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம், எதுவும் கோபுரத்துக்குத் தெரியாது. அதனால் போன் ஒரு சின்ன அடையாள சிக்னலை அனுப்பிக் கதவைத் தட்டும், அதற்கு ப்ரியாம்பிள் என்று பெயர். எவ்வளவு பலமாகத் தட்டுவது? கோபுரம் தான் எத்தனை டிபிஎம்மில் பேசுகிறது என்பதை அறிவித்துவிடும். தன்னிடம் வந்து சேர்ந்தது எத்தனை என்று போன் அளக்கும். கழித்தால் வழியில் தொலைந்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும். 'என்னிடம் இந்த அளவில் வந்து சேர்ந்தால் போதும்' என்று கோபுரம் ஓர் இலக்கையும் சொல்லியிருக்கும். ஓர் உதாரணம்: இலக்கு மைனஸ் 104 டிபிஎம், வழியிழப்பு 110 டெசிபெல் என்றால், போன் 6 டிபிஎம்மில், அதாவது வெறும் 4 மில்லிவாட்டில் தட்டினால் போதும். பதில் வரவில்லையா, கோபுரம் நிர்ணயித்த படியின்படி, அது 0, 2, 4, 6 டெசிபெல்லில் ஏதோ ஒன்றாக இருக்கும், ஒரு படி ஏற்றிக்கொண்டு மறுபடி தட்டும். உச்சவரம்பு சாதாரண போனுக்கு 23 டிபிஎம்.

இந்த வழக்கம் உரிமம் வாங்கிய அலைக்கற்றையில் பிறந்தது. அங்கே காற்று அந்த நிறுவனத்துக்கே சொந்தம், தட்டியும் பதில் இல்லையென்றால் குரல் எட்டவில்லை என்று எடுத்துக்கொள்வது நியாயம். 5 கிகாஹெர்ட்ஸ் போன்ற பொது இடத்தில் அப்படி இல்லை. அங்கே வைஃபையும் இருக்கிறது, பக்கத்து நிறுவனத்தின் 5ஜியும் இருக்கலாம், எல்லோரும் முதலில் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, காற்று காலியாக இருந்தால்தான் பேச வேண்டும்.

மாமாக் கடைக்கு வாருங்கள். மூலை மேசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். 'அண்ணே, ஒரு தே தாரிக்' என்று சாதாரணக் குரலில் கூப்பிடுகிறீர்கள், அண்ணன் திரும்பவில்லை, அடுத்த முறை கொஞ்சம் சத்தமாகக் கூப்பிடுவீர்கள். சரி. இப்போது நீங்கள் வாய் திறக்கப் போகும் நேரத்தில் பெரிய மேசைக்காரர்கள் பிறந்தநாள் பாட்டு ஆரம்பித்துவிட்டார்கள். வாயை மூடிக்கொண்டீர்கள். பாட்டு முடிந்தது, மறுபடி வாய் திறந்தீர்கள், அடுத்த மேசையில் கோல் போட்ட கூச்சல். இப்படி ஐந்து முறை. ஆறாவது முறை கடை அமைதியாகிறது. நீங்கள் இன்னும் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அப்படியிருக்க எடுத்த எடுப்பிலேயே அலறினால் உங்களை என்னவென்று நினைப்பார்கள்?

மேலே சொன்ன 4 மில்லிவாட் போனையே எடுத்துக்கொள்வோம், படி 4 டெசிபெல். ஐந்து முறை வாயை மூடிக்கொண்டதையும் தோல்வியாகக் கணக்கிட்டால் 20 டெசிபெல் ஏறி 26, வரம்பு இடித்து 23 டிபிஎம்மில் நிற்கும். 200 மில்லிவாட். தேவைப்பட்டதைப் போல ஐம்பது மடங்கு! கோபுரத்தில் அந்த ஒரு தட்டல் மற்ற எல்லோருடைய தட்டலையும் மூழ்கடிக்கும், தூரத்தில் இருக்கும் பாவப்பட்ட போனின் குரல் காணாமல் போகும். அதைவிட மோசம், அக்கம்பக்கத்து வைஃபைகளுக்கெல்லாம் அது கேட்டு அவையும் வாயை மூடும். எல்லாக் கருவிகளும் இப்படிச் செய்தால் என்ன ஆகும் பாருங்கள்: காற்று நெரிசலானதால் பவர் ஏறுகிறது, பவர் ஏறியதால் இன்னும் அதிகம் பேருக்குக் காற்று நெரிசலாகத் தெரிகிறது, அவர்களும் ஏற்றுகிறார்கள்.

அதனால் அலைபேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு, உரிமம் தேவையில்லாத அலைக்கற்றைக்கான 5ஜியைச் சேர்த்த ரிலீஸ் 16 என்ற பதிப்பில், 2020இல், இதைத் தெளிவாக எழுதி வைத்தது. போனுக்குள் இரண்டு எண்ணிகள் இருக்கின்றன. எத்தனை முறை தட்டினேன் என்று ஒன்று, எத்தனை படி ஏறினேன் என்று இன்னொன்று. போன முறை காற்று காலியில்லாமல் அனுப்ப முடியவில்லை என்று போனின் கீழ் அடுக்கு, அதாவது ரேடியோவை நேரடியாகக் கையாளும் பகுதி, சொன்னால், படி எண்ணி நகராது. தட்டிய எண்ணி? அது கோபுரம் என்ன அமைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. காற்று கிடைக்காமல் போவதற்கென்று தனி மீட்பு வழி அமைக்கப்பட்டிருந்தால் தட்டிய எண்ணியும் நகராது, போன் அடுத்த வாய்ப்பைத் தேடும். அந்த மீட்பு வழியில் இடைஞ்சல்களைத் தனியாக எண்ணுவார்கள், குறித்த அளவைத் தாண்டினால் போன் அந்தச் சேனலை விட்டே நகரும், பவரில் கை வைக்காது. மீட்பு வழி இல்லையென்றால் தட்டிய எண்ணி ஏறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் 'இங்கே சேர முடியவில்லை' என்று மேலே அறிக்கை போகும். இல்லாவிட்டால் காலியே ஆகாத காற்றின் வாசலில் போன் விடிய விடிய நின்றுகொண்டிருக்கும். இதே மாதிரி, போன் தான் பார்க்கும் பீமை, அதாவது கோபுரம் ஒரு திசையில் குவித்து அனுப்பும் கற்றையை, மாற்றிக்கொண்டால் அப்போதும் படி ஏறாது. திசையே மாறிவிட்டதால் பழைய தோல்வி இந்தப் பாதையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

இதில் உங்கள் லெக்சரரிடம் திரும்பக் கேட்க ஒரு கேள்வி தருகிறேன். போன் தட்டியது, கோபுரத்துக்குத் தெளிவாகக் கேட்டது, பதில் சொல்ல வாய் திறந்தால் அங்கே காற்று காலியில்லை. கோபுரமும் கேட்டுவிட்டுத்தானே பேச வேண்டும். போனின் பார்வையில் இது 'பதில் இல்லை', எனவே படி ஏறும், தவறாக ஏறும். இதற்கு ஸ்டாண்டர்ட் என்ன செய்தது? பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தை நீட்டியது. வழக்கமாக 10 மில்லிவிநாடி வரை இருந்ததை 40 வரை வைத்துக்கொள்ளலாம் என்றது. தவறை இது குறைக்கும், முழுசாக ஒழிக்காது. அதில் ஒரு ஃபைனல் இயர் புராஜெக்ட் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. ஐரோப்பிய விதியில் 5 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதியில் மொத்தப் பவருக்கு மட்டும் வரம்பு இல்லை, ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 10 மில்லிவாட் என்ற வரம்பும் உண்டு. வழக்கமான குட்டை ப்ரியாம்பிள் 139 அலைவரிசைத் துண்டுகள் கொண்டது, 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 2 மெகாஹெர்ட்ஸ் சொச்சம்தான் அகலம், எனவே 13 டிபிஎம் தாண்ட முடியாது. போனுக்கு 23 வரை தெம்பு இருந்தும் பயனில்லை. அதனால்தான் 571, 1151 துண்டுகள் கொண்ட நீளமான ப்ரியாம்பிள்களைச் சேர்த்தார்கள். 17 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரப்பினால் அதே விதிக்குள் 22 டிபிஎம் வரை போகலாம். நெய்யை ஒரே இட்லியில் ஊற்றாமல் தட்டு முழுக்கத் தடவுவது போல.

நம் ஊரில் கையிலிருக்கும் 5ஜி ஓடுவது 700 மெகாஹெர்ட்ஸ், 3.5 கிகாஹெர்ட்ஸ் என்ற உரிமம் பெற்ற இடங்களில், அதனால் இதையெல்லாம் உங்கள் போனில் பார்க்க முடியாது. லேபில் சிமுலேஷன் ஓட்டுங்கள், படி ஏற்றத்தை நிறுத்தும் அந்த ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், படம் கண்முன் விரியும்.

கேள்வி: மெதுவாகப் பேசும் கருவியும் சத்தமாகப் பேசும் கருவி அளவுக்கே பயந்து பயந்து காது கொடுக்க வேண்டுமா? நியாயமாகத் தெரியவில்லையே.
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: உங்களுக்கு முன்பே இதைச் சிலர் யோசித்துவிட்டார்கள். உரிமமில்லா இடத்தில் 23 டிபிஎம்மில் பேச நினைக்கும் கருவி, 20 மெகாஹெர்ட்ஸ் சேனலில் மைனஸ் 72 டிபிஎம் அளவுக்குச் சத்தம் கேட்டாலே ஒதுங்கிவிட வேண்டும். பவரை இறக்கிக்கொண்டால் அந்த வரம்பும் தளரும், அதே அளவுக்கு, 10 டெசிபெல் வரை. 13 டிபிஎம்மில் பேசுபவர் மைனஸ் 62 வரை கேட்கும் சத்தத்தைப் பொருட்படுத்தாமல் தன் வேலையைப் பார்க்கலாம். மெதுவாகப் பேசினால் தொந்தரவு செய்யும் வட்டமும் சின்னது, அதற்குக் கிடைக்கும் சலுகை இது. நெரிசலான இடத்தில் பவரைக் குறைத்தால் பேச வாய்ப்பு அதிகம் கிடைக்கும் என்ற முரணான விஷயம் இங்கிருந்துதான் வருகிறது.

வைஃபைக்கு வேறு கணக்கு. இன்னொரு வைஃபையின் தொடக்கக் குறிப்பைப் புரிந்துகொள்ள முடிந்தால் மைனஸ் 82இலேயே ஒதுங்கும், புரியாத வெறும் இரைச்சல் என்றால் மைனஸ் 62 வரை பொறுத்துக்கொள்ளும். தன் சாதிக்காரனுக்கு மட்டும் மரியாதை. இதை வைத்து அலைபேசிக்காரர்களுக்கும் வைஃபைக்காரர்களுக்கும் கூட்டங்களில் பல வருடம் சண்டை நடந்தது.

கேள்வி: பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெஸ்ட் டெக்னீஷியன். எங்கள் லைனில் வரும் வைஃபை 6 மாடியூல்களில் 'கிளாஸ் ஏ', 'கிளாஸ் பி' என்று பவர் துல்லியம் இருக்கிறது. ஏ என்றால் 3 டெசிபெல் முன்னே பின்னே, பி என்றால் 9. ஒன்பது என்றால் எட்டு மடங்கு, அதை எப்படி பாஸ் பண்ணுகிறார்கள் அண்ணே?
– டெக்னீஷியன், பினாங்கு

பதில்: நானும் அதே வட்டாரத்தில் பன்னிரண்டு வருடம் டெஸ்ட் லைனில் நின்றவன்தான் தம்பி, இந்தக் கோபம் எனக்கும் இருந்தது. பழைய வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசுவார், அவர் கொஞ்சம் சத்தமாகப் பேசினால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. வைஃபை 6இல் ரவுட்டர் பல கருவிகளை ஒரே நேரத்தில் பேசச் சொல்கிறது, ஆளுக்கொரு அலைவரிசைத் துண்டு கொடுத்து. அப்போது ட்ரிகர் என்ற அழைப்பில் இரண்டு எண்களைச் சொல்லும்: நான் இத்தனை பவரில் பேசுகிறேன், உன் குரல் என்னிடம் இத்தனையில் வந்து சேர வேண்டும். மாடியூல் கழித்துக் கூட்டித் தன் பவரை வைத்துக்கொள்ளும், மேலே நிபோங் திபால் தம்பிக்குச் சொன்ன அதே கணக்கு. ஒருவர் அளவு தப்பி மிகப் பலமாக வந்தால் பக்கத்துத் துண்டில் பேசுபவர் அமுங்கிப் போவார். அதனால்தான் ஏ.

பி வகை மலிவான கருவிகளுக்கான சலுகை. ஆனால் அதற்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது: மொத்தத்தில் 9 தவறினாலும், ஒரு பவரிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது அந்த வித்தியாசம் 3 டெசிபெல்லுக்குள் சரியாக இருக்க வேண்டும். கடிகாரம் பத்து நிமிடம் பிந்தி ஓடினாலும் ஒரு மணி நேரம் என்றால் சரியாக ஒரு மணி நேரம் ஓட வேண்டும் என்பது போல. ரவுட்டர் முதல் முறை கேட்டுப் பார்த்து, 'நீ கொஞ்சம் இறக்கு' என்று அடுத்த அழைப்பில் திருத்திவிடும். எனவே லைனில் பி மாடியூலைச் சோதிக்கும்போது ஒரே பவரில் அளந்துவிட்டுப் பெட்டியில் போடாதீர்கள், இரண்டு மூன்று படிகளில் அளந்து வித்தியாசத்தைப் பாருங்கள். என் காலத்தில் ஒரு முறை அதை விட்டுவிட்டு ஒரு பேட்ச் முழுக்கத் திரும்பி வந்தது. யார் விட்டது என்று கேட்காதீர்கள்.

கேள்வி: தைப்பூசத்தன்று பத்துமலை அடிவாரத்தில் தண்ணீர், மோர் கடை போட்டிருந்தேன். போனில் சிக்னல் முழுசாக இருந்தது, கியூஆர் கட்டணம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது, பாதி பேர் காசு தேடி அலைந்தார்கள். அவ்வளவு கூட்டத்தில் போன்கள் எல்லாம் பவரை ஏற்றிக்கொள்ளாதா?
– சிறு வியாபாரி, கோலாலம்பூர்

பதில்: ஏற்றும், ஆனால் பயன் இல்லை. சிக்னல் முழுசாக இருந்தது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதாவது தூரம் பிரச்சினை இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு போன் ஒரே ப்ரியாம்பிளைத் தேர்ந்தெடுத்துத் தட்டினால் இரண்டும் மோதிக்கொள்ளும். இரண்டுமே கத்தினால் சத்தமான மோதல், அவ்வளவுதான்.

இந்தச் சிக்கல் புதிதில்லை. 1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழு தீவுகளில் இருந்த முனையங்களை ரேடியோவில் கம்ப்யூட்டரோடு இணைத்தது, அலோஹாநெட் என்று பெயர். முறை மிக எளிது: நினைத்த நேரத்தில் அனுப்பு, பதில் வராவிட்டால் மோதிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, ஏதோ ஒரு நேரம் பொறுத்து மறுபடி அனுப்பு. அந்த 'ஏதோ ஒரு நேரம்' என்பதில்தான் உயிர் இருக்கிறது. எல்லோரும் ஒரே அளவு பொறுத்தால் மறுபடியும் ஒன்றாகவே மோதுவார்கள். இன்றைய வைஃபையும் அப்படித்தான், முதலில் 0 முதல் 15 வரை ஓர் எண்ணைக் குருட்டாம்போக்கில் எடுத்துப் பொறுக்கும், மோதினால் 31, 63 என்று வீச்சு இரட்டித்து 1023 வரை போகும். அலைபேசிக் கோபுரமும் கூட்டம் பார்த்து 'இத்தனை நேரம் வரை தள்ளிப் போடு' என்று அறிவிக்கும்.

அடுத்த வருடம் செய்யக்கூடியது ஒன்றுதான்: கட்டணம் சுற்றும்போது பட்டனை மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள், நீங்களும் கூட்டத்தில் ஒரு தட்டலைக் கூட்டுகிறீர்கள். சில்லறை கொஞ்சம் கையில் வைத்துக்கொள்வதும் பாவமில்லை.

கேள்வி: மஸ்ஜித் இந்தியா பக்கம் துணிக்கடை. உள்ளே போன் சிக்னல் வருவதில்லை. ஆன்லைனில் 'சிக்னல் பூஸ்டர்' 300 ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது, வாங்கவா?
– கடைக்காரர், கோலாலம்பூர்

பதில்: வேண்டாம். வைஃபை ரவுட்டரை நீங்கள் தனி உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ள முடிவதற்குக் காரணம், மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் அந்த அலைவரிசைகளைக் குறிப்பிட்ட பவர் வரம்புக்குள் எல்லோருக்கும் பொதுவாகத் திறந்து வைத்திருப்பதுதான். அலைபேசி அலைவரிசை அப்படியல்ல, அது நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்டது, அதில் நீங்களாக ஒரு பெட்டி வைத்துப் பெருக்கினால் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டப்படி குற்றம். அந்த மலிவுப் பெட்டிகள் சில நேரம் தன் குரலையே கேட்டுத் தானே கத்த ஆரம்பிக்கும், கோயில் மைக் கீச்சிடுமே அதே மாதிரி, சுற்றுவட்டாரத்துக் கோபுரத்தின் காது அடைத்துப் போகும். கடையில் வைஃபை இருந்தால் போனில் வைஃபை காலிங்கை முடுக்கிவிடுங்கள், காசில்லாமல் முடிந்தது வேலை. ரவுட்டர் வாங்கும்போது ஆணையத்தின் சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பாலிக் பூலாவில் மூன்று ஏக்கர் டுரியான் தோட்டம். மண் ஈரம் பார்க்க எட்டு லோரா சென்சார் போட்டோம். பேட்டரி இரண்டு வருடம் வரும் என்றார்கள், ஐந்து மாதத்தில் தீர்ந்தது. அதிலும் மேட்டில் இருப்பவை தாங்குகின்றன, பள்ளத்தில் இருக்கும் மூன்றுதான் சீக்கிரம் சாகின்றன. பொருத்திய பையன் எல்லாவற்றையும் மேக்சிமம் பவரில் வைத்திருக்கிறான்.
– தோட்டக்காரர், பினாங்கு

பதில்: பையனைத் திட்டாதீர்கள், பவரைவிடப் பெரிய செலவாளி ஒன்று அதற்குள் இருக்கிறது. லோரா என்பது குறைந்த பவரில் வெகுதூரம் பேசும் ரேடியோ முறை, உரிமமில்லாமல் ஓடுவது, நம் நாட்டில் 923 மெகாஹெர்ட்ஸை ஒட்டி. அதில் ஸ்பிரெடிங் ஃபேக்டர் என்று 7 முதல் 12 வரை ஓர் எண் உண்டு. எண் கூடக் கூடச் செய்தி மெல்ல மெல்ல, இழுத்து இழுத்துச் சொல்லப்படும், அதனால் தூரம் எட்டும், ஆனால் ஒவ்வொரு படிக்கும் நேரம் கிட்டத்தட்ட இரட்டிக்கும். பத்து பைட் செய்தி 7இல் ஏறத்தாழ 60 மில்லிவிநாடியில் முடியும், 12இல் ஒன்றரை விநாடி பிடிக்கும். இருபது மடங்குக்கு மேல் நேரம், அவ்வளவு நேரமும் பேட்டரி கரைகிறது. உங்கள் பள்ளத்து மூன்றும் 12இல் நிற்கின்றன என்று பந்தயம் கட்டுவேன்.

ஏன் நிற்கின்றன என்றால், தானாக அளவு மாற்றும் ஏடிஆர் என்ற வசதியைப் போட்டிருந்தால் சென்சார் இப்படி நடந்துகொள்ளும்: 64 செய்தி அனுப்பியும் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை என்றால் 'கேட்கிறதா' என்று ஒரு குறிப்பைச் சேர்த்து அனுப்பும். இன்னும் 32 செய்தி பொறுக்கும். அப்போதும் மௌனம் என்றால் முதலில் பவரை உச்சத்துக்கு ஏற்றும், பிறகும் பதில் இல்லையென்றால் ஒவ்வொரு படியாக வேகத்தைக் குறைத்துக்கொண்டே 12 வரை போகும். நல்ல குணம்தான், ஆனால் மாணவர் கேள்வியில் பார்த்த அதே பொறி இங்கேயும் இருக்கிறது. பதில் வராததற்குக் காரணம் சென்சாரின் குரல் எட்டாதது என்று அது நம்புகிறது. கேட்வே, அதாவது சென்சார்களின் செய்தியை வாங்கி இன்டர்நெட்டுக்கு அனுப்பும் பெட்டி, வேலை செய்யாமல் இரண்டு நாள் கிடந்தாலும், வீட்டில் கரண்ட் போயிருந்தாலும், இன்டர்நெட் அறுந்திருந்தாலும் அதற்கு எல்லாம் ஒன்றுதான்.

எனவே முதலில் கேட்வே பதிவைத் திறந்து, எட்டுச் சென்சாரும் எந்த எண்ணில் அனுப்புகின்றன, கேட்வேக்கு எத்தனை டிபிஎம்மில் வந்து சேர்கின்றன என்று எழுதுங்கள். மேட்டில் இருப்பவை பலமாக வந்துகொண்டிருந்தால் அவற்றின் பவரை இரண்டிரண்டு டெசிபெல்லாக இறக்கலாம், ஏடிஆர் சரியாக ஓடினால் அதுவே இறக்கும். பள்ளத்து மூன்றுக்கும் பவரால் ஒன்றும் ஆகாது, ஏற்கெனவே உச்சத்தில் இருக்கின்றன. கேட்வே ஆன்டெனாவை வீட்டுக் கூரையிலிருந்து எடுத்து மேட்டில் ஒரு கம்பத்தில் ஏற்றுங்கள், இலைக்கூட்டத்துக்கு மேலே. காது உயர்ந்தால் மூன்றின் குரலும் ஒரே நேரத்தில் பலமாகும், ஒரு பேட்டரியும் கூடுதலாகச் செலவாகாது. சென்சாரையும் மண்ணோடு ஒட்டி வைக்காமல் ஈட்டி மட்டும் மண்ணில், ஆன்டெனா இடுப்பு உயரத்தில் என்று வையுங்கள். மண் ஈரத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்பிக்கொண்டிருந்தால் அதை ஒரு மணி நேரமாக்குங்கள், மண் அவ்வளவு சீக்கிரம் காய்ந்துவிடாது.

கம்பம் ஏற்றிய பிறகு அந்த மூன்று சென்சாரின் எண்கள் 12இலிருந்து எங்கே இறங்கின என்று எழுதி அனுப்புங்கள், இந்தப் பக்கத்தில் போடுகிறேன். கடிதத்தோடு சீசன் பழம் ஏதாவது வந்து சேர்ந்தால் திருப்பி அனுப்பமாட்டேன்.